குழாய்க்குப் பின்னால் நிற்கும் மனிதன்

(குடிநீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலே பணிபுரியும் ஆபரேட்டர்கள், தங்களுக்கெனத் தொழில்நெறிக் கழகமொன்று காண்பது குறித்துக் கலந்து பேசிய கூட்டத்திலே ஆற்றிய உரை)

 

ஊருக்கு வருகிறவர்களுக்கு நாம் எதையெதையோ காட்டுகிறோம். கோபுரத்தைக் காட்டுகிறோம், கடற்கரையைக் காட்டுகிறோம், மாடமாளிகைகளைக் காட்டுகிறோம். மன்றத்தைக் காட்டி, இங்கேதான் சட்டம் பிறக்கிறது என்கிறோம். மருத்துவமனையைக் காட்டி, இங்கேதான் உயிர் காக்கப்படுகிறது என்கிறோம். ஆனால் ஊர்க்கோடியிலே, முள்வேலிக்குள்ளே, மணல் தொட்டிகளுக்கும் மோட்டார் அறைக்கும் நடுவே, நள்ளிரவிலே கண்விழித்து நிற்கிறானே ஒரு மனிதன் - அவனை யாருக்காவது காட்டியதுண்டா? இவன் கண்ணயர்ந்தால் அந்த மருத்துவமனையிலே இடம் போதாது என்று சொன்னதுண்டா?

நாடகம் எழுதுகிறவன் நான். அரிதாரம் பூசியவனுக்குக் கைதட்டல் கிடைக்கும்; திரையை இழுக்கிறவனுக்குக் கிடைக்காது. ஆனால் அவன் ஒரு நொடி பிசகினால் அரசன் செத்து விழுந்த காட்சியிலே மக்கள் சிரித்துவிடுவார்கள். உங்கள் தொழிலும் அப்படித்தான். பிசகாதவரை உங்களை யாருக்கும் தெரியாது. பிசகினாலோ, ஊர் முழுவதும் உங்கள் பெயர்தான். ஆனால் நாடகத்திலே செத்தவன் திரை விழுந்ததும் எழுந்துவிடுவான். உங்கள் தொழிலிலே பிசகு நேர்ந்தால், செத்தவன் எழுவதில்லை.

ஆகவேதான், கழகம் காண வேண்டும் என்று நீங்கள் கூடியிருப்பதை ஊதியப் பேச்சாக மட்டும் நான் எண்ணவில்லை. ஊர்மக்கள் உயிர்ப் பேச்சாகவே எண்ணுகிறேன்.

இரண்டு நகரங்கள், ஒரே ஆறு

ஜெர்மனி நாட்டிலே எல்பே என்றோர் ஆறு. அதன் கரையிலே ஹாம்பர்க் எனும் மாநகரம். அதை ஒட்டியே அன்று ஆல்டோனா எனும் மற்றொரு நகரம் இருந்தது. இடையே கோட்டையில்லை, கடலில்லை, தெருவே எல்லை. ஒரே காற்று, ஒரே ஆறு, ஒரே மொழி. 1892ஆம் ஆண்டு வாந்திபேதி வந்தது. ஹாம்பர்க்கிலே 8,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது.

என்ன காரணம்? ஆல்டோனா மக்கள் மேலான குலமா? அவர்கள் செய்த பூசை பெரிதா? இல்லை தோழர்களே! ஹாம்பர்க் ஆற்று நீரை அப்படியே குழாயிலே ஏற்றி அனுப்பியது. ஆல்டோனா, ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்து வந்த அதே ஆற்று நீரை, மணல் வடிகட்டியிலே மெல்ல வடித்து அனுப்பியது. தூயதாகத் தோன்றிய நீர் கொன்றது. கெட்டுப் போன நீர் காத்தது! இடையிலே இருந்தது மணல். மணலை மட்டும் சொன்னால் போதுமா? மணலுக்குப் பக்கத்திலே, அதைச் சுரண்டி, கழுவி, நீர் இறங்கும் வேகத்தை அளந்து நின்றவனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குழாய் வந்துவிட்டால் நாகரிகம் வந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். குழாய் எதையும் கொண்டுவரும். நன்னீரையும் கொண்டுவரும், நஞ்சையும் கொண்டுவரும். கிணற்று நீர் கெட்டால் ஒரு தெரு படுக்கும். குழாய் நீர் கெட்டால் ஒரு நகரமே படுக்கும். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மில்வாக்கி நகரத்திலே அதுதான் நடந்தது. குளோரினுக்கும் மடங்காத ஒரு நுண்ணுயிர், சரியாக வடிகட்டப்படாத நீரோடு கலந்து வீடுகளுக்குள் நுழைந்தது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் நோயுற்றனர். பட்டிக்காடல்ல, செல்வம் கொழிக்கும் நாட்டிலே பெருநகரம்!

நமது சென்னையின் கதையும் இதற்கு விலக்கல்ல. 1872ஆம் ஆண்டு செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்தார்கள். ஆனால் கீழ்ப்பாக்கத்திலே மணல் வடிகட்டிகள் வேலை தொடங்கியது 1914ஆம் ஆண்டு. நீரைக் கொண்டுவருவது ஒரு வேலை. அதைக் குடிநீராக்குவது வேறொரு வேலை. இரண்டுக்கும் நடுவே 42 ஆண்டுகள்!

அதே 1914ஆம் ஆண்டு, இங்கிலாந்திலே மாஞ்செஸ்டர் நகரத்திலே, ஆர்டர்ன், லாக்கெட் எனும் இருவர் கழிவுநீரிலே காற்றை ஊதி, அடியிலே தங்கும் கசட்டை எறிந்துவிடாமல் மீண்டும் தொட்டிக்கே திருப்பி, அதிலே வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டே கழிவைத் தின்னச் செய்யும் முறையை உலகுக்கு அறிவித்தனர். இன்று நமது ஊர்களிலே கழிவுநீர் நிலையங்களிலே பணிபுரியும் தோழர்கள் பலர் அந்த முறையைத்தான் இயக்குகிறார்கள். தொட்டிக்குள்ளே இருப்பது இயந்திரமல்ல, உயிர். காற்று குறைந்தால் அது மடியும். கசடு மிகுந்தால் நோயுறும். மாட்டைப் பேணுகிறவன் மாட்டின் முகம் பார்ப்பதுபோல, இவர்கள் தொட்டியின் நிறம் பார்த்து, நுரை பார்த்து, மணம் பார்த்துப் பசியறிகிறார்கள். இதைக் கூலிவேலை என்கிறது ஊர். கலை என்கிறேன் நான்.

200 கிராம் நியாயம்

ஒரு கணக்கு சொல்கிறேன். நமது நாட்டின் குடிநீர்த் தரவிதி, குழாய்முனையிலே ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் 10 இலட்சம் லிட்டர் நீரிலே எஞ்சி நிற்க வேண்டியது எவ்வளவு? 200 கிராம்! ஒரு குடும்பம் ஒரு வேளைக்கு உலையிலே போடும் அரிசியைவிடக் குறைவு. அந்த 200 கிராம் இருக்கிறதா இல்லையா என்பதிலேதான் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் வயிறு தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதைப் பார்ப்பது யார்? அமைச்சரா? ஆணையரா? ஒப்பந்தக்காரரா? அவர்களெல்லாம் கோப்பிலே பார்ப்பார்கள். கண்ணாடிக் குழாயிலே நீரை ஏந்தி, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்திலே பிடித்துப் பார்ப்பவன் ஆபரேட்டர்.

1908ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஜெர்சி நகருக்குச் செல்லும் நீரிலே ஜான் லீல் எனும் மருத்துவர் குளோரின் கலக்கத் துணிந்தபோது, நீரிலே நஞ்சைக் கலப்பதா என்று எதிர்ப்பு கிளம்பிற்று. வழக்குமன்றம் வரை சென்றது. முடிவிலே, குளோரின் சேர்த்த நீர் மக்களுக்கு ஏற்ற நீரே என்று தீர்ப்பாயிற்று. அளவோடு சேர்த்தால் அது காவல். அளவு தவறினால் கேடு. உருளையிலிருந்து கசிந்தாலோ, பக்கத்திலே நிற்பவனின் நெஞ்சையே அடைத்துவிடும். காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாய்ப் பரவும். அப்படிப்பட்ட ஒன்றைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு வேலை செய்கிறவனைப் பார்த்து, 'வால்வைத் திருகுகிறவன்தானே!' என்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சு அறியாமை.

தேர்வில்லாமல் வந்த சான்று

இப்போது ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன். உங்கள் கழகம் எதற்காக வேண்டும் என்பதை இதைவிட யாரும் விளக்கிவிட முடியாது.

கனடா நாட்டிலே ஒன்டாரியோ மாநிலத்திலே வாக்கர்டன் எனும் சிற்றூர். 5,000 பேருக்கும் குறைவான மக்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்தது. வயலிலே கிடந்த மாட்டெரு மழையோடு கரைந்து, ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. 5ஆம் எண் கிணறு என்பது அதற்குப் பெயர். அந்தக் கிணற்றின் நீரிலே போதிய குளோரின் இருந்திருந்தால் கிருமி மடிந்திருக்கும். இல்லை! 7 பேர் மாண்டனர். 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். ஏறத்தாழ ஊரிலே பாதி!

டென்னிஸ் ஓ'கானர் எனும் நீதிபதி விசாரணை நடத்தி 2002ஆம் ஆண்டு அறிக்கை தந்தார். அந்த அறிக்கை என்ன சொல்லிற்று? நாள்தோறும் அளக்க வேண்டிய குளோரின் பல நாட்கள் அளக்கப்படவேயில்லை. ஆனால் பதிவேட்டிலே எண்கள் இருந்தன! அளக்காமலே எழுதிய எண்கள் - 0.5 என்றும் 0.75 என்றும், நாளுக்கு நாள் அதே எண்கள். நீரிலே கிருமி என்று ஆய்வுக்கூடம் தெரிவித்த பிறகும், சுகாதாரத் துறையினர் கேட்டபோது, நீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் சொல்லப்பட்டது.

அந்த ஊழியர்கள் கொடியவர்களா? இங்கேதான் நாம் நின்று நிதானித்து எண்ண வேண்டும். மக்களைக் கொல்ல எண்ணியவர்கள் அல்லர் அவர்கள். தங்கள் ஊர் நீர் தூயது என்று மனமார நம்பினார்கள். குளோரின் சேராத கிணற்று நீரைத் தாங்களே குடித்தார்கள். நல்லவர்கள்தான்! ஆனால் கிருமி என்றால் என்ன, அது எத்தனை பேரைச் சாய்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. கையிலே சான்றிதழ் இருந்தது. எப்படி வந்தது? பல ஆண்டுகள் வேலையிலே இருந்தவர்கள் என்பதற்காக, தேர்வில்லாமல், பாடமில்லாமல் கொடுக்கப்பட்ட சான்றிதழ் அது! பழையவர்கள் மனம் நோகக்கூடாது என்ற இரக்கம், ஊரையே நோக வைத்தது.

அவர்கள் மட்டுமா குற்றவாளிகள்? அதையும் அந்த அறிக்கை மறைக்கவில்லை. குளோரின் அளவையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி அந்தக் கிணற்றிலே இருந்திருந்தால் அந்தக் கேடே நேர்ந்திராது என்றது. ஆய்வு செய்ய வேண்டிய அரசுத் துறை சரியாக ஆய்வு செய்யவில்லை என்றது. சிக்கனம் என்ற பெயரால் அந்தத் துறையின் நிதியை வெட்டியதும் ஒரு காரணம் என்றது. பெட்டியிலே சேர்ந்த பணத்தைக் காட்டி மார்தட்டினார்கள் ஆட்சியாளர்கள். சேமிப்பின் விலை 7 பிணங்கள்!

அதன் பிறகு அந்த மாநிலம் விழித்தது. 2002ஆம் ஆண்டு பாதுகாப்பான குடிநீருக்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. தேர்வின்றிச் சான்று பெற்றவர்களும் தேர்வெழுத வேண்டும் என்றாயிற்று. அதே வாக்கர்டனிலே, ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி தரும் நிலையமொன்று 2004ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. மயானத்துக்குப் போய்வந்த பிறகு பள்ளிக்கூடம் கட்டினார்கள். நாம் அந்த வழியாகப் போய்த்தான் பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமா?

தனியே எழுதிய கடிதம்

வாக்கர்டனிலே அறிவு இல்லை. ஆகவே ஊர் கெட்டது. அறிவு மட்டும் இருந்தால் போதுமா? போதாது என்று காட்டிற்று மற்றோர் ஊர்.

அமெரிக்காவிலே மிச்சிகன் மாநிலத்திலே ஃபிளிண்ட் நகரம். மோட்டார் வண்டித் தொழில் செழித்து, பின்னர் நொடித்த நகரம். ஏழைகளும் கறுப்பின மக்களும் மிகுந்த நகரம். டெட்ராய்ட் நகரிலிருந்து நல்ல நீர் வாங்கிவந்தது. செலவு மிகுதி என்று, 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஃபிளிண்ட் ஆற்று நீரைத் தன் பழைய நிலையத்திலேயே சுத்திகரிக்கத் தொடங்கியது. அப்போது நகரை ஆண்டது மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமல்ல. மாநில அரசு அமர்த்திய நெருக்கடி நிர்வாகி.

மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு, அந்த நிலையத்திலே நீரின் தரத்தைக் கவனிக்கும் பொறுப்பிலிருந்த ஊழியர் ஒருவர் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு எழுதினார். ஆட்கள் போதவில்லை, பயிற்சிக்கு நேரமில்லை, கருவிகள் முழுமையாகவில்லை, இந்த நிலையிலே நீரை அனுப்பினால், அது என் சொல்லுக்கு மாறாக அனுப்பப்படுவதே ஆகும் என்ற பொருள்பட எழுதினார். அறிந்தவர் எழுதினார், உரிய காலத்திலே எழுதினார், உரிய இடத்துக்கே எழுதினார். என்ன ஆயிற்று? வால்வு திறக்கப்பட்டது.

குழாயை அரிக்கவிடாமல் தடுக்கும் மருந்து அந்த நீரிலே சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் கரைந்தது. தாய்மார்கள் பால்மாவைக் கரைத்த நீரிலே ஈயம். குழந்தையின் குருதியிலே ஈயம். நீர் பழுப்பாக வருகிறது என்று புட்டிகளிலே பிடித்துக்கொண்டு வந்து காட்டினார்கள் மக்கள். நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள் மேலே இருந்தவர்கள். 2015ஆம் ஆண்டு அக்டோபரிலேதான் மீண்டும் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பினார்கள்.

முன்கூட்டி எச்சரித்த அந்த ஊழியர் என்ன ஆனார்? 2016ஆம் ஆண்டு, ஈய அளவு பற்றிய அறிக்கை தொடர்பாக முதன்முதலாக வழக்குத் தொடரப்பட்ட மூவரிலே அவரும் ஒருவர்! வழக்கின் நியாயம் பேச நான் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். எழுதியபோது அவர் தனியாள். ஒரு கடிதத்தை ஒதுக்கிவிடலாம். அந்தக் கடிதத்தின் கீழே அந்த மாநிலத்து ஆபரேட்டர்கள் அத்தனை பேரும் கையொப்பமிட்டிருந்தால்? 'இந்த நிலையம் ஆயத்தமாகவில்லை. ஆயத்தமாகும்வரை எங்களிலே எவனும் இந்த வால்வைத் தொடமாட்டான்' என்று ஒரு கழகம் நாளேடுகளிலே அறிக்கை விட்டிருந்தால்? அப்போதும் ஒதுக்கியிருப்பார்களா?

தோழர்களே! அறிவில்லாத கை ஆபத்து, அது வாக்கர்டன். ஆதரவில்லாத அறிவு அநாதை, அது ஃபிளிண்ட். அறிவையும் தர வேண்டும், ஆதரவையும் தர வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துத் தருவதற்குத்தான் கழகம்.

சங்கம் இருக்கும்போது கழகம் ஏன்?

தொழிற்சங்கங்கள் இருக்கின்றனவே, இன்னொன்று எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தொழிற்சங்கம் வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். கூலியைக் கேட்பது சங்கம். இந்தக் கழகமோ, தொழிலைக் காப்பது. முதலாளியைப் பார்த்து 'எனக்கு என்ன தருவாய்?' என்பது சங்கத்தின் கேள்வி. தன்னையே பார்த்து 'நான் ஊருக்கு என்ன தருகிறேன்?' என்பது கழகத்தின் கேள்வி. மருத்துவர்க்கு இருக்கிறது, வழக்கறிஞர்க்கு இருக்கிறது, கணக்கர்க்கு இருக்கிறது. ஒருவனுக்கு மருந்து கொடுப்பவனுக்குக் கழகம் உண்டு. ஊருக்கே மருந்து கலப்பவனுக்குக் கூடாதா?

1881ஆம் ஆண்டு, அமெரிக்காவிலே செயிண்ட் லூயி நகரத்திலே, பல ஊர்களின் நீர்நிலையங்களைச் சேர்ந்த 22 பேர் கூடினார்கள். அனுபவத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு சங்கம் கண்டார்கள். 22 பேர்தான்! இந்த மண்டபத்திலே அதைவிட மிகுதியாக இருக்கிறீர்கள். அந்தச் சங்கம் இன்று உலகெங்கும் நீர்த்துறையினர் கையாளும் தரங்களையும் நூல்களையும் வெளியிடுகிறது. நமது நாட்டிலும் நீர் வழங்கல் துறை வல்லுநர்களுக்கென 1968ஆம் ஆண்டிலே ஒரு சங்கம் தோன்றி நடந்துவருகிறது. நல்ல முயற்சி, ஆனால் இரவு ஷிப்டிலே நிற்பவனின் குரல் ஒலிக்க அவனுக்கென ஓர் அரங்கம் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவிலே கழிவுநீர்த் துறையினரின் கூட்டமைப்பு பிறந்தது 1928ஆம் ஆண்டு. நல்ல நீருக்கு 1881, கழிவுநீருக்கு 1928. நடுவே 47 ஆண்டுகள்! அங்கே அது காலத்தின் போக்கு. இங்கே அப்படிப் பிரிந்தால் அதற்கு வேறு பொருள் வந்துவிடும். 'நாங்கள் குடிநீர், அவர்கள் சாக்கடை' என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்பது தொழிலல்ல, சாதி!

ஊர் குடிக்கும் நீர்தான் மறுநாள் ஊர் விடும் கழிவாகிறது. மேலூர் விடும் கழிவு கீழூரின் ஆற்றிலே சேர்கிறது. சுற்றிச் சுற்றி வரும் ஒரே நீருக்கு இரண்டு காவலர்கள் நீங்கள். கழிவுநீர்த் தோழன் தவறினால், குடிநீர்த் தோழன் எத்தனை உருளை குளோரின் திறந்தும் பயனில்லை. ஆகவே ஒரே கழகம், ஒரே வரிசை நாற்காலி, ஒரே குவளை. இதிலே விட்டுக்கொடுத்தால், கழகம் தொடங்கவே வேண்டாம் என்று சொல்வேன்.

குழிக்குள் இறங்காதே

கழிவுநீர்த் துறையைப் பற்றிப் பேசும்போது என் நெஞ்சு கனக்கிறது. மேன்ஹோலுக்குள்ளே மனிதனை இறக்கிக் கொல்வது இன்னும் நின்றபாடில்லை. அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு அங்கே தேங்கியிருக்கிறது. குறைவாக இருக்கும்போது நாறும். மிகுந்துவிட்டாலோ மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இறங்குகிறவன் திரும்புவதில்லை. அவனைத் தூக்க இறங்குகிறவனும் திரும்புவதில்லை. ஒரு குழி, அண்ணனும் தம்பியுமாய்ப் பிணங்கள்!

சட்டமில்லையா? இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் சட்டம், மனிதனைக்கொண்டு மலம் அள்ளுவதையும், காப்புக் கருவியின்றிச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறக்குவதையும் குற்றமென்கிறது. 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், 1993 முதல் அப்படி மாண்டவர்களின் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. அவசர நிலையிலும் காப்பின்றி இறக்குவது குற்றமாக வேண்டும் என்றது. 2023ஆம் ஆண்டு அந்தத் தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது நன்று. ஆனால் எண்ணிப் பாருங்கள்: செத்தவனுக்கு விலை ஏறிக்கொண்டிருக்கிறதே தவிர, சாவு நிற்கவில்லையே!

நிறுத்தக்கூடிய இடம் எது? வழக்குமன்றம் செத்த பிறகு பேசும். அதிகாரி செத்த பிறகு வருவார். மூடியைத் திறக்கும் அந்த நொடியிலே பக்கத்திலே நிற்பவன் நீ. 'அளவி எங்கே? காற்றோட்டம் எங்கே? இயந்திரம் எங்கே? இல்லையென்றால் எவனும் இறங்கமாட்டான்' என்று சொல்ல வேண்டியவன் நீ. சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சமிருக்கிறதே, அதைத் துடைப்பதுதான் கழகத்தின் முதல் வேலை. ஒருவன் மறுத்தால் அவன் வேலை போகும். எல்லோரும் மறுத்தால் அந்த வழக்கம் போகும்.

தேர்வைக் கண்டு அஞ்சலாமா?

தேர்வு வேண்டும் என்றதும் சில முகங்கள் வாடுவதைக் காண்கிறேன். இருபது ஆண்டு வேலை செய்தவனுக்கு இப்போது தேர்வா, தேறாவிட்டால் தெருவா என்ற கலக்கம் தெரிகிறது. அந்தக் கலக்கத்திலே நியாயமிருக்கிறது. கல்லூரிப் படிப்பை நடுவழியிலே விட்டுவிட்டு மேடைக்கு வந்தவன் நான். பட்டம்தான் அறிவு என்று என் வாயால் ஒருபோதும் சொல்லமாட்டேன். மோட்டாரின் ஓசையைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லுகிற தோழர்கள் இங்கே இருக்கிறார்கள்; எந்தக் கல்லூரியும் அதைக் கற்றுத் தந்துவிடாது.

ஆனால் வாக்கர்டனை மறக்கலாமா? அங்கே இருந்தவர்களுக்கும் நீண்ட அனுபவம் இருந்தது. அனுபவம் கைக்கு வந்தது. காரணம் மனத்துக்கு வரவில்லை. எதைச் செய்வது என்று தெரிந்தது; ஏன் செய்வது என்று தெரியவில்லை. ஏன் என்று தெரியாதவன்தான் ஒரு நாள் அளக்காமலே எண்ணை எழுதுகிறான்.

ஆகவே தேர்வு வேண்டும். எப்படிப்பட்ட தேர்வு? நம்மை வடிகட்டி எறிகிற தேர்வல்ல. நம்மை உயர்த்துகிற தேர்வு. தமிழிலே நூல், தமிழிலே பாடம், தமிழிலே வினா. பயிற்சி நாளுக்கும் ஊதியம். ஒருமுறை தேறாதவனுக்கு மறுமுறை வாய்ப்பு, அதற்குள் துணைக்கு ஓர் ஆசான். தேறியவனுக்குப் படி உயர்வு. தேறாதவனைத் தனியே நிலையத்தின் பொறுப்பிலே விடாத கண்டிப்பு. பழையவன் என்பதற்காகச் சலுகைச் சான்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சலுகையை உங்களுக்குத் தருகிறவன் உங்கள் நண்பனல்லன். நாளைக்குப் பழியை உங்கள் தலையிலே போட இன்றைக்கே வழிசெய்து கொள்கிறவன்.

பதிவேட்டைப் பற்றி ஒரு சொல். அளந்ததை எழுதுங்கள், அளக்கவில்லையென்றால், அளக்கவில்லை என்றே எழுதுங்கள். மருந்து தீர்ந்திருந்தால், தீர்ந்துவிட்டது என்று எழுதுங்கள். 'நல்ல எண்ணாகப் போடு' என்று எவர் சொன்னாலும், அப்படிச் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். பொய்யெண் ஒருநாள் உங்களைக் காக்கும். மெய்யெண் ஊரைக் காக்கும். ஊரைக் காத்தவனைக் கழகம் காக்கும்.

ஆட்சிக்கும் சொல்கிறேன்

ஆட்சியிலே இருப்போர் எவராயினும் அவர்களிடம் நான் கேட்பது இது. நிலையத்தைக் கட்டத் தருகிற பணத்திலே ஒரு பங்கையாவது அதை இயக்கத் தாருங்கள். திறப்பு விழாவுக்கு வருகிற ஆர்வத்திலே பாதியோடு, ஐந்தாண்டு கழித்து அந்தத் தொட்டியை எட்டிப் பாருங்கள். ஒப்பந்தம் போடும்போது யார் விலை குறைவு என்று மட்டும் பார்க்காதீர்கள். சான்று பெற்ற ஆபரேட்டர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருப்பாரா என்று கேளுங்கள். உண்மையைச் சொன்ன ஊழியனைத் தண்டிக்க முடியாதபடி விதி செய்யுங்கள்.

கழகத்துக்கும் ஒன்று சொல்கிறேன். எந்தக் கட்சிக்கும் வாலாகிவிடாதீர்கள். நான் சார்ந்த கட்சிக்கும் சேர்த்தேதான் சொல்கிறேன்! எங்களை மேடைக்கு அழையுங்கள், எங்களிடம் கேள்வி கேளுங்கள், கோரிக்கை கொடுங்கள்; சாவியை மட்டும் கொடுக்காதீர்கள். எங்கள் ஆட்சியிலே கெட்ட நீர் வந்தால், முதலிலே கூவ வேண்டிய சேவல் நீங்கள். வீட்டுக்காரன் கையைக் கண்டு அஞ்சுகிற சேவல் விடியலைச் சொல்லாது.

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வைத்தது வான்மழையை. அரசனை வைக்கவில்லை, அமைச்சனை வைக்கவில்லை, படையை வைக்கவில்லை; மழைக்கே அடுத்த இடம் தந்தார். அந்த மழை ஏரியிலே இறங்கிய பிறகு, மனிதன் வாயிலே சேரும்வரை, அதற்குக் காவல் நிற்பவர்கள் நீங்கள். உங்கள் இடம் எது என்று இனி யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம்.

உறுப்பினர் படிவம் வாயிலிலே வைத்திருக்கிறார்கள். கையொப்பமிடுமுன் பக்கத்து நாற்காலியிலே இருப்பவர் யார் என்று பாருங்கள். குடிநீர்த் தோழர் பக்கத்திலே கழிவுநீர்த் தோழர் இருந்தால், இருவரும் சேர்ந்து எழுந்து போய்க் கையொப்பமிடுங்கள். இல்லையென்றால், தேடிப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள். இன்றிரவு எட்டு மணி ஷிப்டுக்குச் செல்ல வேண்டியவர்கள் முதலிலே போடுங்கள், ஊர் காத்துக்கொண்டிருக்கிறது.